இரண்டு குழி வாடகைத் தோட்டம்: கும்பகோணத்தில் 11 மாதங்கள்

கும்பகோணத்தின் தெற்கே, அரசலாற்றைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், நகரவாசிகள் காய்கறி பயிரிடுவதற்காகத் துண்டு துண்டாக நிலத்தை வாடகைக்கு விடும் ஒரு கூட்டுத் தோட்டத்தில், 2024 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 2025 ஜூன் கடைசி வரை 11 மாதங்கள் ஒரு துண்டை வைத்திருந்தேன். அந்த அனுபவத்தை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும், நம் டெல்டாவில் வேறு எந்த இடத்தில் இப்படி நிலம் எடுப்பவரும் கவனிக்க வேண்டியவை என்பதால் பெயர் அவசியமில்லை.

மொத்த நிலம் ஒரு மா. அதில் 36 துண்டுகள், நடைபாதைகள், ஒரு கொட்டகை, ஒரு ஆழ்துளைக் கிணறு ஆகியவை உள்ளன. ஒவ்வொரு துண்டும் இரண்டு குழி. வெளி மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தஞ்சைப் பகுதிக் கணக்கில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி, 100 குழி சேர்ந்தது ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஆகவே எனக்குக் கிடைத்தது 288 சதுர அடி. மாத வாடகை 850 ரூபாய், முன்பணம் 3,000 ரூபாய். தொடக்கத்தில் ஒருமுறை நிலத்தைக் கொத்தி எரு போட்டுத் தருவது, தண்ணீர், நாம் வராத நாள்களில் பாய்ச்சுவது, மண்வெட்டி, களைக்கொத்தி, பூவாளி போன்ற கருவிகள் எல்லாம் வாடகையில் அடக்கம். விதையும் நாற்றும் நம் செலவு.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் சில காலம் 20 பைகளில் செடி வளர்த்தேன். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். தளத்தில் ஈரம் இறங்குகிறது என்று வீட்டு உரிமையாளர் வருந்தியதும் பைகளை எடுத்துவிட்டேன். தரையில், மண்ணில், குனிந்து நின்று பயிர் செய்ய வேண்டும் என்ற ஆசை அதன் பிறகுதான் வலுத்தது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தோட்டத்தின் பெரிய சொத்து அதுதான். காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் இடையே காலங்காலமாகப் படிந்த வண்டல் அது. கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்கும், விரலால் தட்டினால் உடையும். மிகுதியாகக் களி கலந்திருப்பதால் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாது. நாலு நாள் காயவிட்டால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரம் சரியாக இருக்கும் ஒன்றிரண்டு நாள்களில் கொத்திவிட வேண்டும் என்பதைப் பழகிக்கொண்டால், இதைவிட நல்ல மண்ணை விலை கொடுத்தும் வாங்க முடியாது. எந்த உரமும் கூடுதலாக இடாமல் விதைத்த முளைக்கீரையை 24ஆம் நாளில் பறித்தேன். தண்டு விரல் பருமன் இருந்தது, நகத்தால் கிள்ளினால் ஒடிந்தது.

ஆனால் அவர்கள் போட்டுத் தந்த எரு நன்றாக மட்கியதாக இல்லை. தொடும்போதே சூடு தெரிந்தது, வைக்கோல் தாள் முழுசாகக் கிடந்தது. அதோடு கோரைக்கிழங்கு என்ற களையும் வந்து சேர்ந்தது. கோரையைப் பற்றி இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி கிளம்பும். 11 மாதமும் வாரம் ஒரு காலைப் பொழுது அதற்கே போயிற்று. எருவை வண்டியிலிருந்து இறக்கும்போதே போய்ப் பாருங்கள். கையில் எடுத்து முகர்ந்தால் சாண நாற்றம் இல்லாமல் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதம் குவித்து வைத்துவிட்டுப் பிறகு போடச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குக் குறையே இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பில்லாமல் நன்றாக இருந்தது. 2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது; சுற்றிலும் இருந்த வயல்காரர்கள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களிலும் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. சிக்கல் வேறு மாதிரியானது. நாம் வராத நாள்களில் பாய்ச்சும் ஆள், எந்தத் துண்டில் என்ன இருக்கிறது, நேற்று மழை பெய்ததா என்று பாராமல், 36 துண்டுகளுக்கும் ஒரே அளவில் தினமும் குழாயைத் திறந்துவிடுவார். இந்தக் களிமண்ணுக்கு அது கேடு. என் முதல் தொகுதி மிளகாய் நாற்று, தரையை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்து, சாய்ந்து, மூன்றே நாளில் அழுகியது. விதையையோ விற்றவரையோ குறை சொல்ல அதில் இடமில்லை, ஈரம் மிகுந்துதான் அழுகியது. அதன் பிறகு ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவைத்தேன். துணி இருந்தால் பாய்ச்சக் கூடாது என்று அவரிடம் பேசிக்கொண்டோம். அது நன்றாகவே வேலை செய்தது, பக்கத்துத் துண்டுக்காரர்களும் துணி கட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்ட விரும்புவது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவரைத்தான். வெற்றிலைக் கொடிக்காலில் நீண்ட காலம் உழைத்தவர். முதல் நாள் என் துண்டைச் சுற்றி வந்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இதுக்கு வடிகால் எங்க இருக்கு?" என்பது. எனக்கு அந்தக் கேள்வி அன்று சரியாகப் புரியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு மோட்டார் ஓடும் என்றுதான் நான் விசாரித்திருந்தேனே தவிர, தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. துண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருந்தபோது, கிணற்றுக்குப் பக்கம் என்று கீழ்வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வரிசைதான் நிலத்தின் தாழ்ந்த பகுதி.

2024 நவம்பர் 26, 27 தேதிகளில் டெல்டா மாவட்டங்களில் கனமழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்தத் தாழ்வு மண்டலம்தான் பிறகு ஃபெஞ்சல் புயலாகிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 28ஆம் தேதி காலை நான் போனபோது மேல்வரிசைத் துண்டுகளில் ஈரம் மட்டும் இருந்தது. எங்கள் வரிசையில் பன்னிரண்டு துண்டுகளும் ஒரே குளமாக, வரப்பு தெரியாமல் கிடந்தன. முன்பு தண்ணீர் வடிந்து வாய்க்காலுக்குப் போன பாதையை அடுத்த மனைக்காரரின் சுற்றுச்சுவர் மறித்திருந்தது என்பதும், நிர்வாகத்தினருக்கு அது முன்பே தெரியும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. இறைக்கும் மோட்டார் 30ஆம் தேதி மாலைதான் வந்தது.

செடிகள் தண்ணீரில் நின்றுகொண்டே வாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு விட முடியாது. மூச்சு விடாத வேர் தண்ணீரையும் உறிஞ்சாது. ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, விரலால் உருவியதும் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. குழியிலிருந்து அழுகிய முட்டை வாடை அடித்தது. மிளகாய் முழுவதும் போயிற்று. அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருந்த 22 கத்திரிச் செடிகளில் 13 போயின. பந்தலில் ஏறியிருந்த அவரை மட்டும், மூட்டின் பக்கம் மண் சற்று உயரமாக இருந்ததால் தப்பியது.

ஒரு மாத வாடகையையாவது தள்ளுபடி செய்யும்படி கீழ்வரிசைக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டோம். இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருக்கும் வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மழைக்கு யாரும் பொறுப்பல்ல என்பதை ஏற்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். வடிகால் அடைபட்ட நிலத்தை அதைச் சொல்லாமல் வாடகைக்கு விட்டதற்குப் பொறுப்பு உண்டு என்பதே என் கருத்து, இன்றும் அதில் மாற்றமில்லை.

தண்ணீர் வடிந்து, மண் கொத்தும் பதத்துக்கு வர மார்கழி பாதி ஆனது. அப்போது அந்தப் பெரியவர்தான் வழி காட்டினார். கொடிக்காலைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும்: அகத்தி வரிசைகளும் வெற்றிலைக் கொடியும் உயர்ந்த மேட்டுப்பாத்தியில் இருக்க, இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஆழமான கால்வாய் ஓடும். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் கொடி அழுகிவிடும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே நம் முன்னோர் கண்ட வழி அது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் இலையின் மணத்தையும் காரத்தையும் பேசினார்கள். எனக்கு அந்தக் கால்வாய்தான் நினைவுக்கு வந்தது. என் 12 அடி அகலத் துண்டை மூன்று மேட்டுப்பாத்திகளாகப் பிரித்து, நடுவே முழங்கால் ஆழத்துக்கு இரண்டு கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைப் பாத்தியின் மேல் ஏற்றினோம். நாலு காலைப் பொழுதுகள் ஆயின. பயிரிடும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கால்வாய்க்குப் போனது. ஆனால் அதன் பிறகு பெய்த எந்த மழையிலும் ஒரு செடி கூடச் சாகவில்லை.

தைப் பட்டத்தில், அதாவது தை மாத விதைப்புப் பருவத்தில், போட்ட புடலும் பீர்க்கும் பந்தல் நிறையக் காய்த்தன. கத்திரியில் பொய்யூர் ரகத்தையும், நண்பர் ஒருவர் தந்த ஊதா நாட்டு ரகத்தையும் நட்டேன். கத்திரி போடுகிறவர் எல்லோரும் குருத்தும் காயும் துளைக்கும் புழுவோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். காலையில் செடிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும்போது, எல்லாக் குருத்தும் நிமிர்ந்திருக்க ஒன்று மட்டும் தலை தொங்கியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அந்தத் தண்டை நகத்தால் பிளந்தால் வெளிர் ரோஜா நிறத்தில் நெளியும். துளைக்குச் சற்றுக் கீழே ஒடித்து, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். அங்கேயே வரப்பில் போட்டால் பயனில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இதை விடாமல் செய்தேன், ஆண் அந்துப்பூச்சியை வாசத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றும் வைத்தேன். பத்துக் காயில் ஒன்றிரண்டுக்கு மேல் சொத்தை வரவில்லை. வாரம் ஒருமுறை மட்டும் வந்த பக்கத்துத் துண்டுக்காரருக்குப் பாதிக் காய் வீணானது.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தது. அது வெள்ளை ஈ பரப்பும் நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்ததும் மற்றவற்றைக் காத்தன. ரசாயனப் பூச்சிக்கொல்லி கூடாது என்பது தோட்டத்தின் விதி. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பிறந்த மாவட்டத்தில் அப்படி ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். அதே சமயம், அங்கே விற்கும் பஞ்சகவ்யத்தில் தயாரித்த தேதி ஒட்டப்படுவதில்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவைக் கூட யாரும் சொல்லித் தருவதில்லை. புதிதாக வருபவர்கள் கண்ணளவில் ஊற்றி இலையைக் கருக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

மற்ற வசதிகள் போதுமானவை. வேலி உறுதியாக இருப்பதால் மாடு, ஆடு வருவதில்லை. மயில் மட்டும் பறந்து வந்து தக்காளி நாற்றைக் கொத்திவிடும், அதற்கு வலை நம் பொறுப்பு. கழிப்பறை ஒன்று இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. பெண்கள் தனியாக விடியற்காலையில் போய் வரலாம்.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். வாடகை 9,350 ரூபாய். விதை, நாற்று, பந்தலுக்கு மூங்கில், மற்ற இடுபொருள்கள் 1,740 ரூபாய். ஆக 11,090 ரூபாய், போய்வந்த பெட்ரோல் நீங்கலாக. எடுத்தது கத்திரி 41 கிலோ, புடலும் பீர்க்கும் சேர்ந்து 33 கிலோ, வெண்டை 19 கிலோ, அவரை 9 கிலோ, கொத்தவரை 6 கிலோ, மிளகாய் 2 கிலோ, கீரை 74 கட்டு. அந்தந்த வாரம் தாராசுரம் சந்தையில் விற்ற விலையைக் குறித்துவைத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 6,300 ரூபாய் வருகிறது. வெள்ளம் இல்லாதிருந்தால் இன்னும் ஓராயிரம் கூடியிருக்கலாம். காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். பறித்த அரை மணி நேரத்தில் எண்ணெயில் விழும் கத்திரிக்காய்க்கும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் கணவர் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்ததற்கும் எந்தச் சந்தையிலும் விலை எழுதியிருக்காது என்பதால், எனக்கு அந்த வித்தியாசம் இழப்பாகத் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வீட்டு வாடகையைப் போலவே இதற்கும் 11 மாதம் வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, அந்த 11 மாதம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் தவறு. ஆகஸ்ட் முதல் தேதி என்பது ஆடி பாதி கழிந்த நாள். எரு போட்டு, நிலம் பண்படுத்தி, நாற்று விட்டு எடுப்பதற்குள் ஆவணி வந்துவிடுகிறது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொல்லிவைத்த ஊரில், பட்டம் தவறிய பிறகு நிலத்தைக் கையில் கொடுத்தால், செடி காய்ப்புக்கு வரும் நேரமும் பெருமழை நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. என் கத்திரிக்கு நேர்ந்தது அதுதான். முடிவிலும் அதே சிக்கல்: மாசியில் நட்ட கத்திரி ஆனியில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தபோது, நிற்கும் பயிரோடு துண்டை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

ஆனி மாதத்தில் தொடங்கிச் சித்திரையில் முடியும்படி வைத்தாலும் அதே 11 மாதம்தான் வருகிறது. ஆனியில் மண்ணைத் தயார் செய்து ஆடியில் விதைக்கலாம், தையில் மறுநடவு செய்யலாம், சித்திரை வெயிலில் செடிகள் ஓய்ந்துபோகும்போது கணக்கை முடித்துக்கொள்ளலாம். இடையில் மிஞ்சும் வைகாசியில் நிலத்துக்கு எருவும் ஓய்வும் கொடுக்க நிர்வாகத்துக்கும் ஒரு மாதம் கிடைக்கும். ஜெர்மனியில் நகரத் தோட்டத் துண்டுகளுக்கென்றே 1983 முதல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலான காரணங்களுக்கு நவம்பர் 30 அன்று முடியும்படியாகத்தான் குத்தகையை ரத்து செய்யலாம் என்று அதில் விதித்திருக்கிறார்கள். அந்த நாட்டுக் குளிரில் அதற்குள் அறுவடை முடிந்திருக்கும். பயிரின் கணக்கை அவர்கள் சட்டத்திலேயே எழுதியிருக்கும்போது, நாம் ஒரு ஒப்பந்தத் தாளில் எழுதுவது கடினமான காரியமில்லை.

ஆகவே நிலம் பார்க்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, தண்ணீர் எந்த வாயில் வழியாக வெளியேறி எந்த வாய்க்காலில் சேர்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு முன்பணம் கொடுங்கள். கிணறு பக்கத்தில் இருப்பது ஒரு பொருட்டே இல்லை. பூவாளியை நாற்பது அடி கூடுதலாகத் தூக்கலாம். வாரத்தில் மூன்று நாளாவது போக முடியாதவர்கள் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2025 ஜூலையில் நாங்கள் மறுபடியும் அங்கேயே துண்டு எடுத்திருக்கிறோம், இம்முறை மேல்வரிசையில். வாடகை 1,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. புரட்டாசி முடிவதற்குள் கீழ்வரிசைக்குத் தனி வடிகால் வெட்டி வாய்க்காலில் சேர்ப்பதாக ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கையால் எழுதி, நிர்வாகத்தினரின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அடுத்த மனைக்காரரோடு பேசிவருவதாகச் சொல்கிறார்கள். இன்றுவரை மண்வெட்டி விழவில்லை. பழைய துண்டில் நான் எழுப்பிய மேட்டுப்பாத்திகளை, அதை இப்போது எடுத்திருக்கும் இளம் தம்பதியர் கலைக்காமல் அப்படியே வைத்து வெண்டை ஊன்றியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வடிகாலின் நிலையை இதே பதிவில் சேர்த்து எழுதுகிறேன்.